கொதித்த தண்ணீருக்குச் சாட்சி

கடந்த செவ்வாய்க்கிழமை பிற்பகலில், நொச்சிக்குப்பத்தைச் சேர்ந்த மேகலாவின் கைப்பேசிக்கு வெளிமாநில ஆய்வகம் ஒன்றிலிருந்து ஒரு முடிவு வந்தது. சென்ற ஆண்டு அவருடைய வலது கண்ணிலிருந்து அறுத்தெடுத்து, மெழுகில் பதித்து வைத்திருந்த திசுவில் பித்தியம் என்ற நீர்வாழ் உயிரி இருந்தது என்கிறது அந்த முடிவு. மரபணுவை இரண்டு முறை படித்து உறுதி செய்திருக்கிறார்கள். அறிக்கை முழுவதையும் நான் படித்தேன். கையெழுத்திட்ட மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, வேறு ஏதாவதாக இருக்க வாய்ப்பு உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார்.

இந்தச் செய்தியை முதலில் கேட்டிருக்க வேண்டியவர் இந்த மேடையில் மாலையிட்ட படமாக இருக்கிறார்.

தென்சென்னை நுண்ணுயிரியலாளர் கழகத்தின் தலைவர் டாக்டர் அனந்தராமன் அவர்களே, செயலாளர் டாக்டர் குருபிரசாத் அவர்களே, மறைந்த பேராசிரியர் நீரஜாவின் குடும்பத்தாரே, அவரிடம் படித்தவர்களே, மூன்றாவது வரிசையில் கறுப்புக் கண்ணாடி அணிந்து அமர்ந்திருக்கும் மேகலா அவர்களே, இந்த வெயிலிலும் மயிலாப்பூர் வந்து மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் ரூபீனா. நாளிதழ் நிருபர். மருத்துவச் செய்திகள் என் பொறுப்பு. இங்கே பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டவர் தலைவர். "நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க, போதும்" என்றார். நல்ல வார்த்தைகளைத்தான் கொண்டு வந்திருக்கிறேன். என் தொழிலில் நல்ல வார்த்தை என்றால் சரிபார்த்த வார்த்தை.

பேராசிரியர் நீரஜா யார் என்று இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மேகலாவோடு அவருடைய உறவினர்கள் வந்திருக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன்.

மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றபின், ஆழ்வார்பேட்டையில் இந்தக் கழகம் வைத்திருக்கும் ஆய்வகத்தில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார் நீரஜா. ஒரு மேசை, ஒரு மைக்ரோஸ்கோப், ஒரு அலமாரி. நகரத்தில் எந்த ஆய்வகத்துக்காவது பெயர் தெரியாத பூஞ்சை வந்தால் அந்த மேசைக்கு அனுப்பலாம். அவர் பார்த்துப் பெயர் சொல்வார். பூஞ்சையின் மேல் செல்லோடேப்பை மெல்ல ஒட்டி எடுப்பார். நீலச் சாயத் துளியின் மேல் அதைப் பதிப்பார். கண்ணை மைக்ரோஸ்கோப்பில் வைத்தபின் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார்.

ஒரு மார்கழிக்கு முன்னால், மிருதங்க வித்வான் ஒருவர் வாத்தியத்தோடு அந்த அறைக்கு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். மழையில் தோலின் ஓரத்தில் பச்சை படர்ந்திருந்தது. "இது என்ன தாளம்னு கேட்டா நான் சொல்லிடுவேன். இது என்னன்னு நீங்கதான் சொல்லணும்" என்றார். நீரஜா பார்த்துவிட்டுப் பெயர் சொன்னார், காயவைக்கும் விதம் சொன்னார். வித்வான் போனபிறகு என்னிடம், "இதுக்கு நல்ல ருசி. அவ்வளவு கச்சேரியிலேயும் இவரோடதாப் பார்த்துப் பிடிச்சிருக்கு" என்றார்.

ஆய்வகங்களில் ஒரு வழக்கம் உண்டு. இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு அது கைப்பழக்கம். கிருமி வளர்க்கும் தட்டில் எதிர்பார்த்தது அல்லாமல் வேறொன்று வளர்ந்தால், காற்றில் வந்து விழுந்தது என்று எழுதி, ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கலனில் போட்டுக் கொன்று குப்பைக்கு அனுப்பிவிடுவது. பெரும்பாலும் அது சரிதான். அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லோடுதான் நீரஜா ஆயுள் முழுதும் மல்லுக்கு நின்றார். மாணவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு போகும்போது வழிமறிப்பார். "என்னன்னு தெரியாம எப்படித் தூக்கிப் போடறது? பேரைக் கேட்டுட்டுப் போடு" என்பார்.

பேரைக் கேட்டுவிட்டுப் போடு. இந்த மண்டபத்தில் எத்தனை பேர் இதைக் கேட்டு வளர்ந்தீர்கள்? எத்தனை பேர் இதைச் சொல்லி உங்கள் மாணவர்களை வளர்த்தீர்கள்?

இனி மேகலாவின் கண்ணுக்கு வருகிறேன்.

மேகலா நொச்சிக்குப்பத்தில் மீன் விற்பவர். சென்ற ஆண்டு மழை விட்ட சமயத்தில், கொடுவா மீனைச் செதில் சீவும்போது ஒரு செதில் தெறித்து வலது கண்ணில் பட்டது. பக்கெட்டில் இருந்த தண்ணீரை அள்ளிக் கண்ணைக் கழுவிக்கொண்டு வியாபாரத்தைப் பார்த்தார். சில நாட்களில் கருவிழியில் வெள்ளையாகப் புண் விழுந்தது. தனியார் கண் மருத்துவமனைக்குப் போனார். அதன் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. ஏன் என்பது சற்று நேரத்தில் விளங்கும்.

மருத்துவமனை ஆய்வகம் புண்ணைச் சுரண்டி எடுத்துத் தட்டில் வைத்தது. வெள்ளை நூலாக வளர்ந்தது. ஆனால் விதை வைக்கவில்லை. பூஞ்சையை அடையாளம் காட்டுவது அதன் விதைதான். விதை இல்லாவிட்டால் முகம் மூடிய ஆளைப் போலத்தான். "பூஞ்சை, இனம் தெரியவில்லை" என்று ஆய்வகம் எழுதியது. அது நேர்மையான வாசகம். அந்த வாசகத்தை நம்பி மருத்துவர் பூஞ்சைக்கான சொட்டு மருந்து கொடுத்தார். அதுவும் நேர்மையான வைத்தியம். புண் அடங்கவில்லை. மணிக்கு ஒருமுறை மருந்து விட்டும் பரவியது. கருவிழியை அறுத்தெடுத்து, கொடையாக வந்த கருவிழியைப் பொருத்தினார்கள். அதிலும் பரவியது. கடைசியில் கண்ணையே எடுத்தார்கள்.

அந்த வெள்ளை நூல் இதற்கிடையில் ஆழ்வார்பேட்டை மேசைக்கு வந்திருந்தது.

நீரஜா அதை முதலில் பட்டினி போட்டார். "வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டா அது எதுக்குப் பிள்ளை பெத்துக்கணும்? பசிச்சாத்தான் அடுத்த தலைமுறையை நினைக்கும்" என்று எனக்கு விளக்கினார். சத்தில்லாத அகார் என்ற வளர்ப்புக் கூழில் வைத்தார். பல பூஞ்சைகள் அதில் வழிக்கு வந்துவிடும். இது வரவில்லை. நூல்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பூஞ்சை நூலில் இருக்க வேண்டிய குறுக்குச் சுவர்கள் மிகக் குறைவாக இருந்தன. அப்போதுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. பூஞ்சையைப் போலவே இருந்து, பூஞ்சைக் குலத்திலேயே சேராத உயிரி ஒன்று உண்டு, அதுதான் பித்தியம். பாசிகளுக்கு உறவு. தண்ணீரில் மட்டும் விதையை விடும், அந்த விதை நீந்தும். பூஞ்சையைக் கொல்லும் மருந்து இதன்மேல் வேலை செய்யாது, ஏனென்றால் அந்த மருந்து தாக்குகிற பொருள் இதன் உடம்பில் கிடையாது. வேறு மருந்துகளைச் சீக்கிரமே கொடுத்தால் சில கண்களையாவது காப்பாற்றலாம்.

அதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. வேகவைத்த புல்லைத் தட்டில் வளர்ந்த நூலின் மேல் கிடத்த வேண்டும். நூல் புல்லில் ஏறியபின் அந்தப் புல்லைத் தண்ணீரில் போட்டு, விதை நீந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பிள்ளையார் கோயில் வாசல் பூக்கடையில் அருகம்புல் வாங்கினார். தண்ணீர்தான் சிக்கல். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தது. காய்ச்சி வடித்த தண்ணீரில் உப்பே இல்லை. இரண்டிலும் ஒன்றும் வரவில்லை. "குளத்துப் பிராணிக்குக் குளத்துத் தண்ணிதான் வேணும்" என்று மயிலாப்பூர்க் கோயில் குளத்தில் படியிறங்கி ஒரு பாட்டில் தண்ணீர் மொண்டு வந்தார்.

பெரியோர்களே, இனி நான் சொல்வதைக் கூர்ந்து கேளுங்கள். என் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

அன்று காலை நான் அந்த அறையில் இருந்தேன். மேகலாவின் கண்ணைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். அறையில் என்னைத் தவிர இருந்தவர்கள் இருவர். பேராசிரியர் நீரஜா ஒருவர். அவரோடு ஒரே வகுப்பில் படித்து, ஒரே கல்லூரியில் வேலை பார்த்து, ஒரே நாளில் இந்தக் கழகத்தில் சேர்ந்த டாக்டர் குருபிரசாத் இன்னொருவர். நண்பர்கள் என்ற சொல் அவர்களுக்குப் போதாது. ஒருவர் ஆரம்பித்த வாக்கியத்தை மற்றவர் முடிப்பார்.

குளத்துத் தண்ணீரை வடிகட்டி, பாட்டிலில் ஊற்றி, வாயில் பஞ்சடைத்து, ஆட்டோகிளேவில் வைத்தவர் டாக்டர் குருபிரசாத். அந்த ஆட்டோகிளேவ் பெரிய பிரஷர் குக்கர் மாதிரியே இருக்கும். நேரம் முடிந்ததும் மூடியில் கை வைத்தார்.

"குரு, பிரஷர் இறங்காம மூடியைத் திறக்காதே" என்றார் நீரஜா.

"தெரியும்மா. நாங்களும் ஆத்துல சாம்பார் வெச்சிருக்கோம்."

"உங்காத்து சாம்பாரைச் சாப்பிட்டவதான் சொல்றேன். இறங்கட்டும்."

பாட்டிலை வெளியே எடுத்து, அதன்மேல் ஒட்டியிருந்த டேப்பை எனக்குக் காட்டினார். போதிய சூடு பட்டால் அந்த டேப்பில் கறுப்புக் கோடு விழும். கோடு விழுந்திருந்தது. "மேடம், பேப்பர்ல போட்டுடாதீங்கோ. கோயில் குளத்துத் தண்ணியைக் குக்கர்ல வேக வெச்சேன்னு தெரிஞ்சா மாட வீதியில என்னை நடக்க விட மாட்டா" என்று சிரித்தார். மூவரும் சிரித்தோம்.

ஆறிய தண்ணீரை இரண்டு தட்டுகளில் ஊற்றினார்கள். ஒன்றில் மேகலாவின் கண்ணிலிருந்து வளர்த்த நூல் ஏறிய புல். இன்னொன்றில் வெறும் புல். அந்த வெறும் தட்டு எதற்கு என்று கேட்டேன். "தண்ணியிலேயே ஏதாவது இருந்து நம்மை ஏமாத்தினா இது காட்டிக் குடுத்துடும்" என்றார் நீரஜா. மதியத்துக்குமேல் முதலில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவரும் டாக்டர் குருபிரசாத்தான். திருகைத் திருப்பித் திருப்பித் தெளிவு பார்த்தார். பிறகு, "நீந்தறது, நீரஜா" என்றார். அடுத்த தட்டை வைத்தார். "இதுல ஒண்ணுமில்லை. சுத்தம்."

நானும் பார்த்தேன். ஒரு தட்டில் அவரை விதையின் வடிவில் மிகச் சிறிய உயிர்கள் துடித்துக்கொண்டு ஓடின. மறுதட்டில் புல் மட்டும் கிடந்தது.

மேகலாவுக்கு அது உதவவில்லை. அதற்குள் கண்ணை எடுத்தாயிற்று. ஆனால் அடுத்து வருபவருக்கு? நீரஜா நகரத்து ஆய்வகங்களுக்கெல்லாம் ஒரு வேண்டுகோள் அனுப்பினார். கண்ணிலிருந்து வெள்ளை நூலாக வளர்ந்து விதை தராத எதையும் தூக்கிப் போடாதீர்கள், ஒரு புல்லை வைத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். யாரையும் அவர் குற்றம் சொல்லவில்லை.

சில வாரங்களில் கழகத்துக்கு ஒரு புகார் வந்தது. கண்ணிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் உயிரி உண்மையில் கோயில் குளத்து நீரிலிருந்து வந்தது, பேராசிரியர் தன் கவனக்குறைவை நோயாளியின் கண்ணில் ஏற்றிவிட்டார் என்றது அந்தப் புகார். தலைவர் டாக்டர் அனந்தராமன் விசாரித்தார். விசாரிக்க வேண்டிய புகார்தான். குளத்து நீரில் இப்படிப்பட்ட உயிரிகள் இருக்கக்கூடும். ஆகவே கேள்வி ஒன்றே ஒன்று. அந்தத் தண்ணீர் கொதித்ததா?

விசாரணை நடவடிக்கையின் நகலைத் தலைவரே முறைப்படி பேராசிரியருக்குக் கொடுத்தார். அதிலிருந்து படிக்கிறேன்.

"நீர் கிருமிநீக்கம் செய்யப்பட்டதா?" டாக்டர் குருபிரசாத்: "நான் பார்க்கவில்லை."

"வெறும் தட்டு ஒன்று வைக்கப்பட்டதா?" டாக்டர் குருபிரசாத்: "எனக்கு நினைவில்லை."

அவ்வளவுதான். பொய்யான ஆவணம் எதுவும் இல்லை. யாரையும் திட்டவில்லை. இரண்டே வாக்கியங்கள். இத்தனை கால நட்பு இரண்டு வாக்கியங்களின் எடையைத் தாங்கவில்லை.

நான் சாட்சி சொல்ல முன்வந்தேன். தலைவர் மரியாதையாகப் பதில் எழுதினார். ஆய்வகத்தில் வெந்நீரைப் பார்ப்பதும் கிருமிநீக்கத்தைப் பார்ப்பதும் ஒன்றல்ல, துறை அறிந்த உறுப்பினர் ஒருவர் உடனிருந்திருக்கிறார், அவரைக் கேட்டுவிட்டோம் என்றார். தலைவர் அவர்களே, அந்தப் பதிலில் நியாயம் இருந்தது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். துறை அறிந்தவர் உண்மை பேசுவார் என்று நீங்கள் நம்பினீர்கள். நானும் நம்பினேன். நீரஜாவும் நம்பினார். விசாரணைக்குப் போகும் வழியில், "குரு இருக்கானே, ஒரு நிமிஷத்துல முடிஞ்சுடும்" என்று என்னிடம் சொன்னார்.

ஒரு நிமிடத்தில்தான் முடிந்தது.

கழகம் ஒரு குறிப்பு வெளியிட்டது. பேராசிரியர் நீரஜா அடையாளம் கண்டது ஆய்வகத்தில் புகுந்த குளத்து நீர் உயிரி, ஆய்வகங்கள் அவருடைய வேண்டுகோளைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்றது அந்தக் குறிப்பு. ஆழ்வார்பேட்டை மேசைக்குத் தட்டுகள் வருவது நின்றது. இப்போதெல்லாம் கண்ணிலிருந்து இப்படி ஏதாவது வளர்ந்தால் என்ன செய்கிறீர்கள் என்று சில ஆய்வகங்களைக் கேட்டேன். பெயர் சொல்ல விரும்பாத இரண்டு பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள். "குளத்துத் தண்ணிக் கேசுதானே? தூக்கிப் போட்டுடுவோம்."

டாக்டர் குருபிரசாத் ஏன் இப்படிச் செய்தார் என்று நீங்கள் கேட்கலாம். ஊகத்தை எழுதிப் பழக்கமில்லை எனக்கு. எல்லோரும் அறிந்த ஒன்றைச் சொல்கிறேன். மேகலாவுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர் டாக்டர் குருபிரசாத்தின் மகன்.

நீரஜாவிடம் இதைக் கேட்டேன். மயிலாப்பூர் வீட்டில், நாற்காலியில் கால்களை மடக்கி அமர்ந்திருந்தார். "பையன் தப்பே பண்ணலையே. பூஞ்சைன்னு ரிப்போர்ட் போச்சு, பூஞ்சைக்கு மருந்து குடுத்தான். நானா இருந்தாலும் அதைத்தான் குடுத்திருப்பேன். என்னைக் கேட்டிருந்தா நானே எழுதிக் குடுத்திருப்பேனே. இவன் என்னையே கேக்கலை, ரூபீனா" என்றார். பிறகு, "நான் தூக்கி வளர்த்த பிள்ளை அது. அதை நான் மாட்டி விடுவேன்னு நினைச்சுட்டான் பாரு" என்றார்.

அவருக்கு வலித்தது குறிப்பு அல்ல. இதுதான் வலித்தது. யாரும் சாட்டாத குற்றத்திலிருந்து மகனைக் காக்க ஒருவர் தன் தோழியைக் கொடுத்துவிட்டார். அந்தத் தோழி பழிவாங்குவாள் என்று நினைத்ததால் கொடுத்துவிட்டார்.

மருத்துவமனையின் பெயரை ஏன் சொல்லவில்லை என்பது இப்போது விளங்கியிருக்கும். அந்த இளம் மருத்துவர்மேல் ஒரு துளி பழியும் விழக் கூடாது என்று நீரஜா கேட்டுக்கொண்டார். விழவில்லை.

கழகத்தின் குறிப்பைப் பற்றி மேகலாவுக்குச் சொல்ல நான் நொச்சிக்குப்பம் போனேன். சாலையோரத்தில் நெத்திலியைக் கூறுகட்டிக்கொண்டே கேட்டார்.

"இன்னா மேடம் இது? என் கண்ணு போச்சு. சரி, போவட்டும். இப்போ அதுகூட என் கண்ணுல இல்ல, கொளத்துல இருந்துச்சுன்றாங்களா? டாக்டரம்மா இன்னா சொல்றாங்க?"

டாக்டரம்மா ஒன்றுதான் சொன்னார். அறுவையின்போது வெட்டியெடுத்த கருவிழி மெழுகுக் கட்டியாக மருத்துவமனையில் இருக்கும். அது குளத்துத் தண்ணீரைப் பார்த்ததே இல்லை. நோயாளி கேட்டால் கொடுப்பார்கள். வேறு யார் கேட்டாலும் கொடுக்க மாட்டார்கள்.

மேகலா தன் நாத்தனாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கே நடந்ததை அவர் சொன்னபடியே சொல்கிறேன். கவுன்டரில் இருந்தவர், "அதை வெச்சு நீ என்னம்மா பண்ணப் போற?" என்று கேட்டிருக்கிறார். மேகலா, "கொழம்பா வெக்கப் போறேன்? என் கண்ணு நைனா அது. எங்க கீது? குடு" என்றிருக்கிறார். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார்கள். மருத்துவமனை எதையும் மறைக்கவில்லை என்பதையும் நான் பதிவு செய்ய வேண்டும்.

நீரஜாவின் மாணவி மாளவிகா அந்தக் கட்டியை வெளிமாநில ஆய்வகத்துக்கு அனுப்பினார். முடிவுக்குக் காத்திருக்கையில் பேராசிரியர் காலமானார்.

அவர் மனமுடைந்து இறந்தார் என்று எழுதலாமா என்று எங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். இருதய நோய் பல ஆண்டுகளாக இருந்தது. மருத்துவர் சான்றில் இருப்பதும் அதுதான். பேரைக் கேட்காமல் எதையும் தூக்கிப் போடாதே என்று சொன்னவரின் மரணத்துக்கு நாம் இஷ்டப்படி பெயர் வைக்கலாமா?

கடைசியாக அவரை நான் மருத்துவமனையில் பார்த்தேன். ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டு, "முடிவு வந்துதா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

"வரும். அது பித்தியம்தான், எனக்குத் தெரியும். அதுக்காக நான் காத்துண்டிருக்கலை."

"வேறு எதுக்கு மேடம்?"

"குருவைத் திரும்பக் கூப்பிட்டுக் கேக்கச் சொல்லு. தண்ணி கொதிச்சுதான்னு. மெஷின் சொல்லி என் பேர் மீண்டா எனக்கென்ன? பக்கத்துல நின்னு பாத்தவன் அவன். அவன் வாயால சொல்லணும்."

பிறகு லேசாகச் சிரித்தார். "சாம்பார் வெக்கத் தெரியும்னான். அதையாவது ஒத்துக்கட்டும்."

அவையோரே, செவ்வாய்க்கிழமை வந்த முடிவு என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பதைத் துல்லியமாகப் பிரித்துக்கொள்வோம். மேகலாவின் கண்ணில் பித்தியம் இருந்தது என்று சொல்கிறது. அவர் கண்ணுக்குள் அது எங்கிருந்து போனது என்று சொல்லவில்லை. அது யாருக்கும் தெரியாது. அன்று காலை ஆழ்வார்பேட்டையில் ஒரு பாட்டில் தண்ணீர் கொதித்ததா என்றும் அது சொல்லவில்லை. எந்த மரபணு ஆய்வாலும் அதைச் சொல்ல முடியாது. பேராசிரியர் நீரஜா சொன்ன விடை சரி என்று உலகம் இப்போது ஒத்துக்கொள்ளும். ஆனால் அவர் கவனமாக வேலை செய்தார், யாரையும் ஏமாற்றவில்லை, குருட்டாம்போக்கில் விடை சொல்லவில்லை என்று சொல்ல, துறை அறிந்த சாட்சியாக உயிரோடு ஒருவர்தான் இருக்கிறார்.

வாசலில் கழகம் வைத்திருக்கும் பதாகையைப் பார்த்தேன். 'பூஞ்சையியலின் ஒளிவிளக்கு' என்று போட்டிருக்கிறது. இன்று காலை கழகத்தின் இணையதளத்தையும் பார்த்தேன். அவரைக் கவனமற்றவர் என்று சொல்லும் குறிப்பு அங்கேயே இருக்கிறது. எதை நம்பச் சொல்கிறீர்கள்? பதாகையையா, குறிப்பையா? நாளை காலை பதாகையை அவிழ்த்து மடித்து வைத்துவிடுவீர்கள். குறிப்பு நிற்கும். அதைப் படித்துவிட்டு யாரோ ஒருவர் யாரோ ஒருவரின் கண்ணிலிருந்து வளர்ந்த தட்டை ஆட்டோகிளேவில் போடுவார்.

பெயர் தெரியாத ஒரு நூலைக்கூடத் தூக்கி எறிய மனமில்லாத பெண்மணி அவர். அவரைத் தூக்கி எறிய நமக்கு இரண்டு வாக்கியங்கள் போதுமாக இருந்தன.

இரங்கல் கூட்டத்தில் உறுதி எடுப்பது வழக்கம். மாளவிகா ஓர் உறுதி எடுத்திருக்கிறார், அதை அவர் சார்பில் நான் அறிவிக்கிறேன். ஆழ்வார்பேட்டை மேசையில் திங்கட்கிழமை முதல் அவர் உட்காருகிறார். தட்டுகளை அனுப்புங்கள். பேரைக் கேட்டுவிட்டுத்தான் போடுவார். இங்கே இருக்கும் ஒவ்வோர் ஆய்வகத் தலைவரும் ஒரு பிடி அருகம்புல்லை வேகவைத்து வைத்துக்கொள்வதாக உறுதி எடுத்தால், அது இந்த மாலைகளைவிட அவருக்குப் பிடிக்கும். என் உறுதி சிறியது. கேட்பது என் வேலை, கேட்டுக்கொண்டிருப்பேன்.

இனி நிலுவையில் இருப்பவை. இதே போன்ற புண்ணால் கண் இழந்த வேறு இருவர் தங்கள் மெழுகுக் கட்டிகளைக் கேட்டு வாங்கி அனுப்பியிருக்கிறார்கள். அவற்றின் முடிவு இந்த மாதக் கடைசியில் வரும் என்று ஆய்வகம் சொல்கிறது. கழகத்தின் குறிப்பைத் திரும்பப் பெறுவது பற்றிச் செயற்குழு அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை கூடிப் பேசும் என்று தலைவர் நேற்று என்னிடம் உறுதி சொன்னார்.

தண்ணீர் கொதித்ததா என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. அதற்கு அடுத்த மாதம் வரை காத்திருக்கத் தேவையில்லை. நிகழ்ச்சி நிரலின்படி எனக்கு அடுத்துப் பேச இருப்பவர் டாக்டர் குருபிரசாத்.

ஒலிவாங்கியை அவரிடம் கொடுத்துவிட்டு நான் அமர்கிறேன்.